புள்ளி

நிறுவனம் தந்த படிவத்தில் பதினொரு கேள்விகள்.
எடை என்ன, விசை இறுக்கமா,
கோட்டுக்குள் மறைத்துக் காவ வசதியா.
ஆம், இல்லை. கட்டத்தில் புள்ளடி.

எடை: குண்டுகள் நிரம்பினால் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.
ஒரு கிழமைக் கோப்பிக்கு எடுத்தபின்
சீனிப் பையில் மிஞ்சுவது.
நீளம்: என் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை.

ஓல்டனில் நவம்பர். ஆரே நதி தன் புகாரை
நகரத்தின்மேல் போர்த்திவிட்டு
எழும்ப மறுக்கிறது.
சுடுகூடம் நிலத்துக்கு அடியில், பழைய பதுங்குகுழி.
படியிறங்கி உறையிலிருந்து எடுத்ததும் கண்ணாடி வியர்த்தது.
தபால்முத்திரை அளவு யன்னல், அதற்குள்
நிற்கவேண்டிய சிவப்புப் புள்ளி
ஈரத் தாளில் விழுந்த மைபோல ஊறிப் பரந்தது.
துடை, என்றான் லின்ஹார்ட். எல்லாரும் துடைக்கிறார்கள்.
எழுதினேன்: குளிரிலிருந்து சூட்டுக்கு வந்தால்
நாற்பது விநாடி குருடு.
அந்த நாற்பதை யாரிடம் கடன் கேட்பது?

பழைய துவக்கில் ஒரு கண்ணை மூடவேண்டும்,
முன்குமிழைப் பார்த்தால் ஆள் மங்கும்.
இதில் இரண்டு கண்ணும் திறந்தபடி.
ஆளைப் பார், புள்ளியைத் தேடாதே,
கை சரியென்றால் அது தானாக வரும்.
முதல் இருபது தடவை வரவில்லை.
வெறும் யன்னலைத் தூக்கிப் பிடித்தபடி
கைப்பைக்குள் வீட்டுத் திறப்பைத் துழாவுகிறவள் மாதிரி
அங்குமிங்கும் சாய்த்தேன்.
இருபத்தோராவது தடவை வந்தது.
வந்ததும் நடுங்கியது.

இரும்புக் குறியில் ஒளித்துக்கிடந்த நடுக்கம் எல்லாம்
இதில் விளக்கேற்றிக் காட்டப்படும்.
மூச்சு, நாடி, இரண்டாவது கோப்பி,
வீட்டுக்காரர் அனுப்பிய வாடகைக் கடிதம்.
ஏழு மீற்றரில் ஒரு தாள் மனிதனின் நெஞ்சில்
என் நாடி உலாவித் திரிந்தது.
சுட்டேன். பதினைந்தில் பதின்மூன்று உள்ளே.
ஒன்று தோளில்.
மற்றது தாளுக்கு வெளியே.
வெளியே என்றால், வீதி.

இனி மறைப்பது.
இடுப்புறை செய்தவர்கள் இடுப்பைக் கண்டதில்லை.
குனிந்து சப்பாத்து நாடா கட்டினால்
கண்ணாடியின் மூலை கோட்டுத் துணியில்
சின்னதாய் ஒரு கூடாரம் அடிக்கும்.
கிரென்கன் போகும் ரயிலில், மடியில்
கடிகாரத் தொழிற்சாலைக்கான தங்கத்தோடு இருந்தேன்.
எதிரே இருந்த பெடியன் அந்தக் கூடாரத்தைப் பார்த்தான்.
இன்சுலின் பம்பா, என்று மெல்லக் கேட்டான்.
தன் சட்டையை ஒரு விரலால் உயர்த்தித்
தன்னுடையதைக் காட்டினான்.
ஓம், என்றேன்.
சொலத்தூர்ன் வரை சீனி அளவுபற்றிக் கதைத்தான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இரவு மேசையில் படிவம். பக்கத்தில்
மகிழினியின் சனிக்கிழமைத் தமிழ்க் கொப்பி.
அமமா, கணணாடி, பககம என்று
புள்ளி ஒன்றும் இல்லாமல் எழுதிவைத்திருக்கிறாள்.
ரீச்சர் சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாய் வைத்து
அடியில் பாடமாக்க ஒரு வரி தந்திருக்கிறா:
உயிர்மெய்யின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் நீங்கும். மெய் மட்டும் நிற்கும்.

பதினோராம் கேள்வி: வாங்கப் பரிந்துரைக்கிறீர்களா?
நல்ல துவக்குத்தான். பார்த்த இடத்துக்குப் போகிறது.
ஆம் கட்டத்தில் புள்ளடி போட்டேன்.
குறிப்பு ஒன்று: பற்றரியை வருடம் ஒருமுறை மாற்றவும்.
குறிப்பு இரண்டு: உறையைப் பெண் ஒருத்தி செய்யட்டும்.
மூன்று என்று இலக்கம் போட்டேன்.
வெட்டினேன்.

கொப்பியில் ரீச்சர் கவனிக்காத ஓரெழுத்து மிச்சமிருந்தது.
கடைசி வரியில், மரம என்ற சொல்லின் கடைசி ம.
சிவப்புப் பேனை கைக்கெட்டிய தூரத்தில்.
கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தேன்.